வெறுஞ்சட்டி கொர்னேலியஸ்

கோலார் தங்க வயலில் ஒருவருக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டால், ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாரே வந்தாலும் அதை அழிக்க முடியாது. கொர்னேலியஸுக்கு விழுந்த பெயர் 'வெறுஞ்சட்டி'. புதிதாக வயலுக்கு வந்தவர்கள் அதைக் கேட்டுவிட்டு, பாவம், அடுப்பில் பூனை தூங்குகிற வீடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியொன்றுமில்லை. அவர் வீட்டில் வேளாவேளைக்குச் சோறு இருந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் கறியும் இருந்தது. பெயர் வந்த கதை வேறு. அதை வயலில் ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள். அவருக்குச் சாதகமாக யாரும் சொன்னதில்லை, அவரையும் சேர்த்து.

ஆம்பூர்ப் பக்கத்து மிஷன் பள்ளியில் படித்தவர் கொர்னேலியஸ். இங்கிலீஷ் எழுத்து முத்து முத்தாக விழும். அந்தக் கையெழுத்தின் புண்ணியத்தில் கூண்டேறிச் சுரங்கத்துக்குள் இறங்காமலே அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. அசே ஆபீஸில் வேலை. அசே ஆபீஸ் என்றால் கல்லுக்கு ஜாதகம் பார்க்கிற இடம். ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியிலிருந்து மேலே வருகிற கல்லை இடித்துப் பொடியாக்கி, ஈயத்தூளோடு சேர்த்து உலையில் உருக்கிப் பிரித்தால் கடைசியில் குண்டூசித் தலை அளவுக்குப் பொன் மிஞ்சும். அதை நிறுத்துப் பார்த்து, இன்ன லெவலில் வெட்டின கல்லில் இவ்வளவு பொன் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் உண்டு என்று எழுதினால் அந்த இடத்தைத் தோண்டுவார்கள்; இல்லையென்றால் மூடிவிடுவார்கள்.

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஈயத்தூள் வந்தால், கல்லே போடாமல் வெறும் ஈயத்தை மட்டும் முதலில் உருக்கிப் பார்ப்பார்கள். ஈயத்துக்குள்ளேயே கொஞ்சம் வெள்ளியோ பொன்னோ ஒளிந்திருக்கும். அதைக் கழிக்காமல் விட்டால், இல்லாத பொன்னைக் கல்லின் கணக்கில் ஏற்றிவிடுவோம். கொர்னேலியஸ் இதை ஒருநாளும் தவறவிட்டதில்லை. இந்த விஷயத்தில் அவரை அசைக்க ஆளில்லை என்று ஆபீஸின் தலைவர் ஹரோல்ட் துரையே சொல்லுவார். கொர்னேலியஸுக்கும் அது தெரியும். கொஞ்சம் அதிகமாகவே தெரியும். வெள்ளைக் கோட்டுக்கு மேல் கழுத்து எப்போதும் ஒரு விரற்கடை நிமிர்ந்தே இருக்கும்.

கழிவு மண்ணில் மிஞ்சின பொன்னையும் பிரித்தெடுக்கச் சயனைடு தொட்டிகள் கட்டத் தொடங்கியிருந்த காலம் அது. ஒரு கோடையில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளில் வாந்திபேதி எட்டிப் பார்த்தது. குட்டைத் தண்ணீர் அடிமண்டியாகிவிட்டிருந்தது. அந்த வாரத்தில் ராஜப்பா என்ற சுரங்கத் தொழிலாளி, காலை ஷிப்ட் முடிந்து வந்து கூழ் குடித்துப் படுத்தவன், வாந்தியெடுத்து வாந்தியெடுத்து மறுநாள் பொழுது சாய்வதற்குள் செத்துப்போனான். அவன் பெண்டாட்டி பாப்பம்மா. முந்தின நாள்தான் புருஷன் பெண்டாட்டிக்குள் பெரிய சண்டை. "நீ நாசமாப் போ" என்று பாப்பம்மா கத்தினதை லைன் முழுவதும் கேட்டிருந்தது. கோபத்தில் எந்தப் பெண்டாட்டிதான் கத்தவில்லை? ஆனால் கத்தின மறுநாளே புருஷன் சாகக் கூடாது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. ராஜப்பாவின் தம்பி வேலு, அண்ணன் சாம்பல் ஆறுவதற்குள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், அண்ணி கூழில் விஷம் வைத்துவிட்டாள் என்று சொல்லிவிட்டான்.

பிணத்தை எரித்தாகிவிட்டது. மிஞ்சினது பாப்பம்மாவின் பித்தளைக் குண்டானும், அதன் அடியில் ஒட்டியிருந்த கூழும்தான். பெங்களூருக்குச் சோதனைக்கு அனுப்பினால் பதில் வர நாளாகும். "உங்க ஆபீஸ்ல கல்லையே கண்டுபிடிக்கிறீங்களே, கூழைக் கண்டுபிடிக்க மாட்டீங்களா?" என்று இன்ஸ்பெக்டர் குண்டானோடு அசே ஆபீஸ் வாசலுக்கு வந்தார். ஹரோல்ட் துரை பல்வலிக்கு வைத்தியம் பார்க்கப் பெங்களூர் போயிருந்தார். துரை வரட்டும் என்று கொர்னேலியஸ் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தன் பெயரில், தன் கையெழுத்தில், சர்க்காருக்கு ஒரு ரிப்போர்ட் போகப் போகிறது என்ற நினைப்பே அவருக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

சோதனை அவருக்குத் தெரிந்ததுதான். புத்தகத்தில் படித்து, துரையோடு சேர்ந்து செய்தும் பார்த்திருக்கிறார். சந்தேகப்பட்ட பொருளை அமிலத்தில் கொதிக்கவிட்டு, நன்றாகத் துலக்கின செம்புத் தகட்டை அதில் முக்க வேண்டும். பாஷாணம் இருந்தால் தகடு கறுக்கும். பாதரசம் இருந்தால் வெள்ளி பூசின மாதிரி வெளுக்கும். குண்டானில் அமிலத்தை ஊற்றி, அடியில் ஒட்டியிருந்த கூழை நன்றாகச் சுரண்டிக் கரைத்தெடுத்துக் காய்ச்சினார். தகடு வெளுத்தது. அதைக் கண்ணாடிக் குழலில் போட்டுச் சூடு காட்டினார். குழலின் குளிர்ந்த பக்கத்தில் கடுகை விடச் சின்னதாகப் பளபளவென்று பாதரசத் துளிகள் படிந்தன. சந்தேகமே இல்லை. 'கூழில் பாதரசம் உண்டு' என்று முத்து முத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பாதரசத்தில் செய்கிற வீரம் என்கிற விஷம் வைத்தியர்களிடம் கிடைக்கும் என்பது ஊரறிந்த சங்கதி. அன்றைக்கே பாப்பம்மாவைப் பிடித்து அடைத்தார்கள். கூழில் என்னத்தைப் போட்டாய் என்று எப்படியெல்லாமோ கேட்டார்கள். "ஒண்ணியும் போடல சாமி" என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. கொலைக் குற்றம், நிரூபணமானால் தூக்கு. லைன்காரர்கள் அதைப் பற்றிப் பேசும்போது கொர்னேலியஸின் பெயரையும் மரியாதையோடு சேர்த்துச் சொன்னார்கள். கழுத்து இன்னொரு விரற்கடை நிமிர்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். மனைவி ஃப்ளோரா சோறு போட்டாள். அவள் கையைப் பார்த்தவர் இலையில் வைத்த கையை எடுக்கவில்லை. கல்யாணத்தன்று அவர் போட்ட தங்க மோதிரம், ஒரு பக்கம் முழுக்க ஈயம் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"இன்னா ஃப்ளோரா இது, மோதிரம் வெளுத்துக் கீது?"

ஃப்ளோரா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "சோப்புப் பட்டிருக்கும். சாப்புடுங்க."

பொன்னோடு பிழைக்கிற மனிதரிடம் போய்ச் சோப்பு என்று சொன்னால் நடக்குமா? பொன்னை வெளுக்க வைப்பது உலகத்தில் ஒன்றுதான், பாதரசம். கல் இடிக்கிற மில்லில் அதை வைத்துத்தானே பொன்னைப் பிடிக்கிறார்கள்! இடித்த கல்லைத் தண்ணீரோடு செம்புப் பலகைகளின் மேல் ஓடவிடுவார்கள். பலகையில் பூசின பாதரசம் பொன்னைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். மிச்ச மண் வெளியே ஓடிவிடும். அந்த மண்ணில் கொஞ்சம் பாதரசமும் தப்பி ஓடத்தான் செய்யும்.

"பாத்திரம் எதுல தேய்க்கிற?" என்று கேட்டார்.

ஃப்ளோரா அடுப்பின் பக்கம் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "மில்லு மண்ணுல," என்றாள். "நான் மட்டுமா? லைன்ல அல்லாரும் அதுலதான் தேய்க்கிறாங்க. வெங்கடம்மா கூடையில கொண்ணாந்து குடுக்கும். சாம்பல்ல தேச்சா இந்தப் பளபளப்பு வருமா? பித்தளக் குண்டான் வெள்ளி மாதிரி மின்னுது. கிறிஸ்மஸுக்கு எங்கக்கா வந்தப்ப வெள்ளிப் பாத்திரமான்னே கேட்டுச்சி."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா வுடுவீங்களா? நீங்க அசே ஆபீஸ்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மில் மண் ஒரு பிடி வீட்டில் இருந்தாலும் திருட்டுத்தான். அதில் பொன் இருக்கலாம் அல்லவா? பிடிபட்டால் வேலையும் போகும், லைன் வீடும் போகும். அதனால்தான் எல்லாப் பெண்களும் அந்த மண்ணை அடுப்புக்குப் பின்னால் ஒளித்துவைத்துத் தேய்த்தார்கள். புருஷன்மார் பளபளப்பை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள்.

கொர்னேலியஸ் இலையை மடித்துவிட்டார். பாப்பம்மாவின் குண்டான் கண்முன் வந்து நின்றது. அதுவும் வெள்ளி மாதிரிதான் மின்னியது. அவர் அதைப் பார்த்து, ஏழை வீட்டில் எவ்வளவு சுத்தம் என்று மெச்சிக்கொண்டார். பிறகு அதன் மேலேயே அமிலத்தை ஊற்றினார்.

மறுநாள் காலை தன் வீட்டுக் குண்டானைத் துண்டில் சுற்றி, ஃப்ளோராவின் மோதிரத்தையும் வாங்கிக்கொண்டு ஆபீஸுக்கு எடுத்துப் போனார். கூழ் இல்லை, குழம்பு இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் குண்டானில் அமிலத்தை ஊற்றிச் சுரண்டி எடுத்துக் காய்ச்சி, செம்புத் தகட்டை முக்கினார். தகடு வெளுத்தது. மோதிரத்தை உலை வாயில் காட்டினார். பாதரசம் ஆவியாகிப் போய்ப் பழைய மஞ்சள் திரும்பி வந்தது. அவருக்கு மட்டும் பழைய நிறம் திரும்பவில்லை. வெறும் ஈயத்தை உருக்காமல் ஒருநாளும் கல்லைத் தொட்டதில்லை அவர். பொன்னுக்குச் செய்ததைப் பெண்ணுக்குச் செய்யவில்லை. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஊரார் சொல்வதை அவரே தனக்குச் சொல்லிக்கொண்டார். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து ஃப்ளோராவிடம் சொன்னார். அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

"பெங்களூருக்கு எழுதுங்களேன். அவங்களே கண்டுபுடிக்கட்டும்."

"அவங்களும் அதே கூழைத்தான் காய்ச்சுவாங்க. தகடு அங்கயும் வெளுக்கும்."

"நம்ம வூடு போயிடும்."

"போவும்."

"எங்க போவோம்?"

அவர் சுவரில் மாட்டியிருந்த சிலுவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மோதிரத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் கையில் போட்டுவிட்டார். ஃப்ளோரா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பயந்த சுபாவம் என்று அவளைச் சொல்ல முடியாது. கோபம் வந்தால் பாதிரியாரையே நிற்கவைத்துக் கேட்பவள். அன்றைக்குத்தான் அழுதாள்.

"அந்தப் பாப்பம்மாவும் வாயத் தொறக்காம கீறாளே," என்றாள். "மண்ணப் பத்திச் சொன்னா திருட்டுன்னு மாட்டிக்குவோம்னு பயந்துகினு கீறா. பைத்தியக்காரி, திருட்டுக்குப் பயந்து தூக்குக்குப் போறா." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நானே வந்து சொல்றேன். தேச்சது நானு. நீங்க சொன்னா, ஆம்பளைக்கு இன்னா தெரியும்னுவாங்க."

விசாரணைக்கு மாஜிஸ்ட்ரேட் வயலுக்கே வந்தார். போலீஸ் ஸ்டேஷனுக்கு முன்னால் கொட்டகை போட்டிருந்தார்கள். லைனே திரண்டு வந்திருந்தது. முன்னால் வேலு நின்றான். பாப்பம்மா தலைகவிழ்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளில் பாதியாக இளைத்துப்போயிருந்தாள். கொர்னேலியஸைக் கூப்பிட்டு, ரிப்போர்ட் உன்னுடையதுதானா என்று கேட்டார்கள்.

"என்னோடதுதான்," என்றார். "அதுல எழுதினது பொய்யில்ல. ஆனா அத்த வெச்சி இந்தம்மாவத் தூக்குல போடறதுன்னா, என் பெண்டாட்டியையும் சேத்துப் புடிச்சிப் போடணும்."

கொட்டகையில் சிரிப்பு எழுந்து, அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது. ஃப்ளோரா முன்னால் வந்து குண்டானை மேஜைமேல் டங்கென்று வைத்தாள்.

மாஜிஸ்ட்ரேட் கன்னடக்காரர், தமிழ் புரியும். நிதானமான மனிதர். "ஹேளம்மா, சொல்லு," என்று ஃப்ளோராவைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் சொன்னாள். மில் மண், கூடை, பளபளப்பு, மோதிரம், ஒன்றையும் மறைக்கவில்லை. வெங்கடம்மாவின் பெயரை மட்டும் விழுங்கிவிட்டாள். "லைன்ல அல்லாரும் தேய்க்கிறாங்களா?" என்று இன்ஸ்பெக்டர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். கூட்டத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள்.

மாஜிஸ்ட்ரேட் கையைத் தூக்கி இன்ஸ்பெக்டரை நிறுத்தினார். "யாரையும் கேட்க வேண்டாம். லைனில் கண்ணில் படுகிற வீடுகளிலிருந்து கழுவிக் கவிழ்த்த குண்டான்களில் சிலதை எடுத்து வாருங்கள். எந்த வீடு என்று எழுத வேண்டாம்."

கான்ஸ்டபிள் எடுத்து வந்தார். கொட்டகை ஓரத்திலேயே கொர்னேலியஸ் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, ஒவ்வொன்றாக வெறுஞ்சட்டியைக் காய்ச்சினார். ஒரு குண்டான் மட்டும் சும்மா இருந்தது. மற்றதெல்லாம் தகட்டை வெளுக்க வைத்தது. கடைசியாக வெளுத்த குண்டானின் விளிம்பில் ஒரு நசுங்கல் இருந்தது. அதைப் பார்த்த வேலு தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் வீட்டுக் குண்டான் அது. அவனும் அன்று காலை அதில்தான் கூழ் குடித்துவிட்டு வந்திருந்தான்.

அந்த மண் நல்லதென்று யாரும் சொல்ல வேண்டாம். பிறகு டாக்டர் வந்து லைன் லைனாகப் போய் அதைக் கொட்டச் சொன்னார். ஆனால் ஒரு ராத்திரியில் ஆளைக் கொல்கிற சரக்கு அதில் இல்லை. அதே வாரம் வாந்திபேதியில் போனவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள் என்பதும் அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. பாப்பம்மாவை விட்டுவிட்டார்கள்.

கொர்னேலியஸை விடவில்லை. மில் மண் வீட்டில் இருந்தவன் அசே ஆபீஸில் இருக்கக் கூடாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. ஹரோல்ட் துரை வாதாடிப் பார்த்தும் பலிக்கவில்லை. இருந்தாலும் அவரைத் துரத்தாமல் ஆஸ்பத்திரி மருந்தறைக்கு மாற்றுகிற அளவுக்குத் துரையின் சொல் உதவியது. வீடு தப்பியது, வேறு லைனில் சின்ன வீடு.

அந்த மருந்தறையில்தான் அவர் மிச்ச காலத்தைக் கழித்தார். மருந்து ஏஜெண்டுகள் அனுப்புகிற கொயினா என்ற காய்ச்சல் மருந்தில் மாவும் சுண்ணாம்பும் கலந்து வருகிற காலம். டப்பா டப்பாவாகச் சோதித்து, கெட்டதைத் திருப்பி அனுப்புவதற்கு அவரை விட்டால் ஆளில்லை. ஆனால் எந்தச் சோதனைக்கும் முன்னால் வெறும் பாட்டிலை, வெறும் தண்ணீரை, வெறும் அமிலத்தை வைத்து ஒரு தடவை செய்து பார்ப்பார். காய்ச்சலில் ஆள் காத்துக்கொண்டிருந்தாலும் சரி, டாக்டர் வாசலில் நின்று பல்லைக் கடித்தாலும் சரி. "இருங்க, மொதல்ல வெறுஞ்சட்டி" என்பார். அதுவே வயல் முழுக்க அவர் பெயராகிவிட்டது. கழுத்து மட்டும் பழையபடி நிமிரவேயில்லை.

ஒரே ஒரு இடத்தில்தான் அவர் வெறுஞ்சட்டியைப் பார்க்காமல் விட்டார்.

மாஜிஸ்ட்ரேட் கச்சேரியில் பாப்பம்மாவுக்கு விடுதலை கிடைத்துவிட்டதே தவிர, லைனில் கிடைக்கவில்லை. குண்டான் வெளுத்தது சரிதான், ஆனாலும் அந்தச் சண்டை, அந்த வாய், யார் கண்டார்கள் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். பிழைக்க வழியில்லாமல் அவள் ஷாஃப்ட் வாசலுக்குப் பக்கத்தில் கூழ்ப்பானையோடு உட்கார்ந்தாள். ஷிப்ட் முடிந்து பசியோடு வருகிற ஆட்கள் ஒருவர் விடாமல் அவளைத் தாண்டிப் போய் அடுத்த கூழ்க்காரியிடம் குடித்தார்கள். ஒருநாள் இருநாள் அல்ல, அப்படியே மாதங்கள் ஓடின. சாயங்காலம் அவள் பானையை அப்படியே சுமந்துகொண்டு போவதை மருந்தறை ஜன்னலிலிருந்து கொர்னேலியஸ் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டியைச் சோதிக்கத் தெரியும். இதை எந்த அமிலத்தில் காய்ச்சுவது?

ஒருநாள் ஷிப்ட் மாறுகிற நேரம் பார்த்து, வெள்ளைக் கோட்டோடு, ஃப்ளோராவையும் கூட்டிக்கொண்டு வந்து, பாப்பம்மாவின் பானைக்கு முன்னால் புழுதித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மேலே வந்த ஆட்கள் நின்றார்கள். கூண்டுக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு சட்டி ஊத்தும்மா," என்றார்.

பாப்பம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். விசாரணை முடிந்த நாளிலிருந்து அவரோடு அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பானைக்குப் பக்கத்தில் கவிழ்ந்திருந்த மண்சட்டியை எடுத்து அவர் கண்ணுக்கு நேராக நீட்டினாள்.

"வெறுஞ்சட்டி. மொதல்ல பாத்துக்கிங்க அய்யா."

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. கொர்னேலியஸ் இரண்டு கையாலும் சட்டியை வாங்கினார். அதற்குள் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு சட்டியைப் பானையின் பக்கம் நீட்டினார்.

"வேணாம்மா. ஊத்து."

அவள் ஊற்றினாள். கொஞ்சம் அவர் கோட்டில் சிந்தியது. அவர் அதைத் துடைக்காமல் எல்லோரும் பார்க்கக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, சட்டியை மறுபடியும் நீட்டினார்.